கையில் ஆறாயிரம் வெள்ளி: சிங்கப்பூரில் முதல் மோட்டார்சைக்கிள் வாங்குவது எப்படி?

என் முதல் பைக்கை ஊபியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டியபோது அவர் எஞ்சினைத் தொடக்கூட இல்லை. பதிவு விவரத்தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு தேதியை விரலால் தட்டினார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பதினோரு மாசம்தான் உசுரு."

நான் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கியிருந்தேன். எக்ஸாஸ்ட் சத்தம் பிடித்துப்போய் வாங்கியது, வேறு காரணம் எதுவும் இல்லை. மாதம் 250 வெள்ளிக்கு மேல் விழுகிறது என்று அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். சிங்கப்பூரில் நாம் வாங்குவது பைக்கை அல்ல, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழில் மிச்சமிருக்கும் வருடங்களை. அது முடிந்தால் வண்டி சாலையில் ஓடக்கூடாது. அது புரிந்த பிறகு என் மருமகன்களுக்கும் கூட வேலை செய்யும் தம்பிகளுக்குமாக ஏழெட்டு வண்டிகள் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் பார்க்கும் வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் லைசென்ஸ் எதை அனுமதிக்கிறது?

புதிதாக வருபவர்களுக்கு 2பி மட்டும்தான், அதாவது 200 சிசி வரை. ஒரு வருடம் கழித்து 2ஏ எடுத்தால் 400 சிசி வரை ஓட்டலாம். அதற்கு மேல் கிளாஸ் 2. புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் பள்ளிகளில் எங்கே படித்தாலும் இதே வரிசைதான்.

நம் ஆட்கள் பலருக்கு என்ஃபீல்டு ஆசை உண்டு. சென்னையில் தயாராகும் வண்டி, மாமாவோ சித்தப்பாவோ ஓட்டிய வண்டி. ஆனால் அது 350 சிசி. 2பி-யில் தொடக்கூடாது. ஒரு வருடம் பொறுங்கள்.

இங்கேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்வது நல்லது. ஒன்றிரண்டு வருடத்தில் 2ஏ-க்குப் போகிற எண்ணம் இருந்தால், இப்போது வாங்குவது இடைக்கால வண்டி. இரண்டு மூன்று வருடம் மிச்சமுள்ளது போதும். வேலைக்குப் போகவர ஒரு வண்டி, அவ்வளவுதான் என்றால் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் தேடுங்கள். புது லைசென்ஸில் முதல் வருடம் தகுதிகாண் காலம் என்பதையும் மறக்கவேண்டாம். அதற்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், அப்புறம் நல்ல பைக் இருந்தும் புண்ணியமில்லை.

இரண்டாம் படி: வருடக் கணக்கு

மோட்டார்சைக்கிளுக்கான சிஓஇ 'டி' பிரிவில் வருகிறது, பத்து வருடம் செல்லும். மாதத்துக்கு இரண்டு முறை ஏலம். 2022-இல் முதன்முறையாக 10,000 வெள்ளியைத் தாண்டியது. அதன் பிறகு ஏறி இறங்கி, 2024, 2025-இல் பெரும்பாலும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் வெள்ளிக்குள் நின்றது. புது 150 சிசி வண்டியின் விலையில் பாதிக்கு மேல் இந்தக் காகிதத்துக்கே போகிறது. ஆறாயிரம் வைத்திருப்பவர் புது வண்டிக் கடை வாசலில் நிற்பதில் பயனில்லை, நேராகப் பழைய வண்டிக்கு வாருங்கள்.

விளம்பரத்தில் விலையைப் பார்க்காதீர்கள். விலையை மிச்சமிருக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 3,600 வெள்ளிக்கு இரண்டு வருடம் மிச்சமுள்ள வண்டி வருடத்துக்கு 1,800 ஆகிறது. 5,200 வெள்ளிக்கு நான்கு வருடம் மிச்சமுள்ளது 1,300 ஆகிறது. கையிலிருந்து போகும் தொகை முதலாவதில் குறைவு, ஓட்டுகிற செலவு இரண்டாவதில் குறைவு. கார்களுக்கு இருப்பதுபோல் பார்ஃப் தள்ளுபடி (பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திரும்பத் தருவது) மோட்டார்சைக்கிளுக்குக் கிடையாது. அதனால் சிஓஇ முடிகிற நாளில் வண்டியின் மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. பதிவு விவரத்தாளில் அந்த வண்டிக்குக் கட்டிய சிஓஇ தொகை இருக்கும். வண்டியை முன்கூட்டியே பதிவுநீக்கம் செய்தால், மிச்சமிருக்கும் காலத்துக்கு ஏற்ப அந்தத் தொகையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஒரே மாடல், இரண்டுக்குமே நான்கு வருடம் மிச்சம் என்று வையுங்கள். ஒன்றுக்கு 10,000 வெள்ளி சிஓஇ கட்டியிருந்தார்கள், மற்றதுக்கு 7,000. இன்றைக்குப் பதிவுநீக்கம் செய்தால் முதல் வண்டிக்கு 4,000, அடுத்ததுக்கு 2,800. நாளைக்கு எஞ்சின் இறுகி நின்றுபோனாலும் முதல் வண்டிக்காரர் கையில் 1,200 வெள்ளி கூடுதலாக நிற்கும். விலை ஒன்றாக இருந்தால் எதை எடுப்பீர்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. விற்பவரை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் (எல்டிஏ) ஒன்மோட்டோரிங் தளத்தில் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளம் மூலம் நுழைந்து அந்தத் தொகையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மழுப்புகிறவரிடம் மேற்கொண்டு பேசவேண்டாம்.

'ஐந்து வருடம் புதுப்பித்த' வண்டிகளும் சந்தையில் நிறைய உண்டு. சிஓஇ முடியும்போது, கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டிப் பத்து வருடம் புதுப்பிக்கலாம், அதில் பாதியைக் கட்டி ஐந்து வருடமும் புதுப்பிக்கலாம். ஐந்து வருடம் எடுத்தால் அதோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. இந்த வண்டிகளை மோசம் என்று ஒதுக்கவேண்டியதில்லை. வருடக் கணக்கில் சில சமயம் இவைதான் மலிவு. ஆனால் வயது பத்துக்கு மேல். ரப்பர், ஒயர், சீல் எல்லாம் கிழடு தட்டியிருக்கும். சில காப்புறுதி நிறுவனங்கள் இவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தரும். என் பங்குக்கு, முதல் பைக்காக இதை எடுக்கலாம், தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும்.

ஒரே ஒரு வகைக்கு முழுத் தடை போடுகிறேன். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான வண்டிகள். பழைய ஆர்எக்ஸ்இசட் மாதிரியான டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் அழகு எனக்கும் தெரியும், அந்த வாசனையே தனி. ஆனால் புகை மாசு காரணமாக 2028 ஜூன் 30-க்குப் பிறகு அவை சாலையில் ஓடக்கூடாது. அதை 'அபூர்வ வண்டி' என்று விலை ஏற்றி விற்கப் பார்ப்பார்கள். ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆறாயிரத்தை உடைத்து வையுங்கள்

ஆறாயிரம் இருந்தால் ஆறாயிரத்துக்கு வண்டி தேடாதீர்கள். நாலாயிரத்து ஐந்நூறில் நிறுத்துங்கள். மிச்சம் 1,500 காப்புறுதிக்கும் தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும் மழைக்கோட்டுக்கும் முதல் பராமரிப்புக்கும். தலைக்கவசத்தில் சிங்கப்பூர் அங்கீகார ஸ்டிக்கர் இருக்கவேண்டும், அது இல்லாமல் ஊரிலிருந்து கொண்டுவந்தது அழகாக இருந்தாலும் இங்கே செல்லாது. பழைய தலைக்கவசத்தை யாரிடமும் வாங்காதீர்கள். விழுந்து அடிபட்டதா என்பது வெளியே தெரியாது. இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்குக் குறையாத பேர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும்தான்.

மாதாந்திரச் செலவு பெரிதாகக் கடிக்காது. பத்து வயதைத் தாண்டாத வண்டிக்கு 200 சிசி வரை சாலை வரி வருடத்துக்கு எழுபது வெள்ளிகூட ஆகாது. ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம் காருக்கு ஆவதில் பாதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் ஒரு பகலுக்கு 65 காசு, ஒரு இரவுக்கு 65 காசு. மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் மலிவு.

கடிப்பது காப்புறுதி. அதனால் வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே மாடலையும் பதிவு ஆண்டையும் உங்கள் வயதையும் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். இருபது வயதுக்காரருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே வண்டிக்கு வரும் தொகை ஒன்றல்ல. கோரிக்கை இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருடம் 10 விழுக்காடு, அப்புறம் 15, மூன்றாம் ஆண்டில் 20 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும். சாயங்காலத்தில் உணவு விநியோகம் செய்யலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். வேலைக்குப் போகவர என்று எடுத்த காப்புறுதி, சாப்பாட்டுப் பெட்டியோடு விழுந்தால் கைவிரித்துவிடும்.

நான்காம் படி: எந்த வகை?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. கப்சாய் எனப்படும் சின்ன எஞ்சின் இலகு பைக் வகைதான் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. ஹோண்டா வேவ், யமஹா எக்ஸ்1ஆர், ஸ்னைப்பர் 150, ஹோண்டா ஆர்எஸ்150 எல்லாம் இந்த வரிசை. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். ஜோகூர் பக்கம் வரை எந்தப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். விற்கும்போதும் இரண்டு நாளில் ஆள் வரும்.

ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பிசிஎக்ஸ், என்மேக்ஸ். சீட்டுக்கு அடியில் இடம் உண்டு, கியர் கிடையாது, நெரிசலில் கைக்கு நிம்மதி. ஆனால் உள்ளே ஓடும் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சுமார் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பொருள் அது, அறுந்தால் நடுவழியில் நிற்பீர்கள்.

பல்சர் 200என்எஸ், டியூக் 200 போன்றவை இந்தியாவில் தயாராகும் வண்டிகள். இழுவை நன்றாக இருக்கும், பார்க்கவும் கம்பீரம். வாங்குமுன் உங்கள் பேட்டைப் பட்டறையில் "இதுக்கு சாமான் வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முகமே பதில் சொல்லிவிடும்.

தினமும் விரைவுச்சாலையில் துவாஸ் போகிறவர் பழைய 125 சிசி எடுக்கவேண்டாம். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது முழு மூச்சில் கத்திக்கொண்டிருக்கும், பின்னால் லாரி நெருங்கும்போது ஒதுங்கிப்போகத் தெம்பு இருக்காது. 150-க்கு மேல் பாருங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்) உள்ளதும் இல்லாததும் நூறு இருநூறு வெள்ளி வித்தியாசத்தில் கிடைத்தால் உள்ளதையே எடுங்கள். நம் மழையில் நனைந்த மஞ்சள் கோட்டின் மேல் ஒருமுறை பிரேக் அடித்துப் பார்த்தவர்கள் அந்த இருநூறுக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

ஐந்தாம் படி: பார்க்கப் போகும் நாள்

முதல் நாள் இரவே விற்பவருக்குச் செய்தி அனுப்புங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யவேண்டாம்." போனதும் முதலில் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமாகாது, ஆனால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் எல்லாருக்கும் நல்ல பிள்ளை. குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

பகலில் போங்கள். மழை பெய்திருந்தால் போகாதீர்கள், ஈரத்தில் கீறலும் எண்ணெய்க் கசிவும் தெரியாது. முதலில் சட்டகத்தில், கைப்பிடிக் கழுத்தோரம் பொறித்திருக்கும் எண்ணைப் பதிவு விவரத்தாளோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணையும்தான். ஓர் எழுத்து மாறினாலும் வீட்டுக்குப் போய்விடலாம்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. அதைச் சரிசெய்ய ஆகும் காசுக்கு வேறு வண்டியே பார்க்கலாம். காலைக் குளிரில் லேசான வெள்ளை ஆவி வந்து மறைந்தால் பயப்படவேண்டாம். ஐந்து நிமிடம் ஓடட்டும். டக் டக் என்று உள்ளிருந்து சத்தம் வருகிறதா, சீராக நிற்கிறதா, தானாக அணைகிறதா என்று பாருங்கள். மீட்டர் இருந்தால் பேட்டரி முனையில் வைத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை.

விழுந்த வண்டியா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பெயின்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இங்கே பெயின்ட் அடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். கைப்பிடியை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பத்தைத் தடுத்து நிறுத்தும் சின்ன இரும்புப் புடைப்பு கழுத்துக்குக் கீழே இருக்கும். அது நசுங்கியிருந்தால் வண்டி பலமாக முன்னால் மோதியிருக்கிறது. பிளாஸ்டிக்கை மாற்றுவார்கள், இதை மாற்றுகிறவர் அபூர்வம். கால் வைக்கும் கம்பி, பிரேக் பிடியின் நுனி, எக்ஸாஸ்ட் ஓரம் ஆகிய மூன்றிலும் ஒரே பக்கம் தேய்வு இருந்தால் அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் சாய்வது சகஜம்தான், சறுக்கிக்கொண்டு போன கோடு வேறு மாதிரி நீளமாக இருக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, கைப்பிடியை மெதுவாக அசையுங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் 'டக்' என்று நின்றால் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் போயிருக்கிறது. சங்கிலியை நடுவில் தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆடலாம். பற்சக்கரத்தின் பற்கள் சுறாவின் துடுப்புபோல் ஒருபக்கம் வளைந்திருந்தால் செட்டையே மாற்றவேண்டும். இவை எதுவும் வண்டியை ஒதுக்கும் காரணமல்ல, பேரம் பேசும் காரணங்கள். பட்டறையில் என்ன ஆகும் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. டயரின் வரிப்பள்ளம் நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருடமான ரப்பர் கட்டிதட்டியிருக்கும், மழையில் வழுக்கும்.

கிலோமீட்டர் எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. அதற்குப் பதில் கால்மிதி ரப்பரையும் கைப்பிடியையும் பாருங்கள். பின்னால் பெட்டி மாட்டிய துளைகளும் மொழுமொழுவென்று தேய்ந்த கால்மிதியும் இருந்து, மீட்டர் பதினெட்டாயிரம் காட்டினால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு மேலான வண்டிகளுக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயம். அந்தத் தாள்களைக் கேளுங்கள். மாற்றிய எக்ஸாஸ்ட் போட்டிருந்தால் எல்டிஏ அங்கீகாரம் உண்டா, பழையது எங்கே என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத சத்தத்துக்கு நாளை அபராதம் கட்டப்போவது நீங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விற்பவரின் காப்புறுதி உங்களுக்குச் செல்லாமல் போகலாம். அவரையே ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து உங்கள் பட்டறைவரை போங்கள். மெக்கானிக் பார்த்துச் சொல்ல வாங்கும் கூலி, இந்த முழு விவகாரத்திலேயே நன்றாகச் செலவான காசு. பட்டறைக்கு வர மறுக்கிற விற்பனையாளர் தன் வண்டியைப் பற்றித் தானே சொல்லிவிட்டார்.

ஆறாம் படி: கடையா, நேரடியா?

நேரடியாக வாங்கினால் விலை குறையும். கடையில் வாங்கினால் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பிலுள்ள 'லெமன் சட்டம்' துணைக்கு வரும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடைக்காரர். பழைய வண்டிக்கும் உண்டு, ஆனால் வயதுக்கேற்ற தேய்மானத்துக்குப் பொருந்தாது. தனியாளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பட்டறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாதவர் கடைக்கே போங்கள்.

கடையில் உட்கார்ந்ததும் கடன் பேச்சு வரும். 'எட்டு விழுக்காடுதான்' என்பார்கள். அது நிலையான வட்டி, முழு அசலுக்கும் கடைசிவரை ஓடும். 8,000 வெள்ளிக்கு ஐந்து வருடம் என்றால் வட்டி மட்டும் 3,200, மாதம் 187 வெள்ளி. குறைந்துகொண்டே வரும் அசலை வைத்துப் பார்த்தால் உண்மை வட்டி சுமார் 14 விழுக்காடு. கடனின் காலம் சிஓஇ-யின் மிச்சக் காலத்தைத் தாண்டவே கூடாது. ஓடாத வண்டிக்குத் தவணை கட்டும் கொடுமை வேண்டாம்.

ஏழாம் படி: பெயர் மாற்றும் நாள்

வண்டியைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள், எத்தனை பேர் 'வெயிட்டிங்' என்றாலும். வண்டிமேல் கடன் இருந்தால் விற்பவர் முதலில் அதைத் தீர்க்கட்டும். உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகுதான் உரிமை மாற்றம் நடக்கும். விற்பவர் ஒன்மோட்டோரிங்கில் தொடங்குவார், நீங்கள் சிங்பாஸில் ஒப்புக்கொள்வீர்கள், கட்டணம் 25 வெள்ளி. இருவரும் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து செய்யுங்கள். உரிமை மாறிய தகவல் திரையில் வந்த பிறகு பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் மீதியை அனுப்புங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், என்னென்ன சாவிகள் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது சாவியைக் கேட்க மறக்காதீர்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

மறுநாளே எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், பிரேக் எண்ணெய் மூன்றையும் மாற்றுங்கள், "போன வாரம்தான் மாத்தினேன்" என்று விற்பவர் சத்தியம் செய்திருந்தாலும் சரி. பிரேக் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலிக்கு ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறையும், நல்ல மழையில் நனைந்தால் அன்றைக்கே சாயங்காலமும் எண்ணெய் விடுங்கள். வீவக மாதச் சீட்டை உங்கள் பெயரில் எடுங்கள். சிஓஇ முடியும் தேதியையும் அடுத்த பரிசோதனை மாதத்தையும் கைப்பேசி நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் வேலைக்குப் போகும் வழியை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை ஓட்டிப் பழகுங்கள். விரைவுச்சாலை மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார்சைக்கிள்கள் மழைக்கு ஒதுங்க இடம் குறித்திருப்பார்கள், அவை எங்கெங்கே இருக்கின்றன என்று அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி மழை கொட்டும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.